நுரை பம்பில் கெட்டிச் சோப்பு: தண்ணீர் கலக்கலாமா?

பிப்ரவரி 8, கேள்வி: மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து ஒரு பாலர் பள்ளி ஆசிரியை

பிள்ளைகள் கை கழுவ நுரை பம்பு வைத்த போத்தல்கள் நான்கு வாங்கினோம். ஒன்று 6 வெள்ளி (ரிங்கிட்). கூடவே வந்த சோப்பு தீர்ந்ததும், நல்ல கெட்டியான கை கழுவும் திரவத்தை ஊற்றினோம். முதல் நாள் சொட்டுச் சொட்டாக வந்தது. மறுநாள் அழுத்தினால் தலை கீழே போய் அங்கேயே நின்றுவிட்டது. மலிவுச் சரக்கு என்றே நினைக்கிறேன். தூக்கிப் போடுவதா, சரிசெய்ய வழி உண்டா?

பிப்ரவரி 8, இரவு

தூக்கிப் போடாதீர்கள், டீச்சர். பம்பு கெடவில்லை, தொண்டை அடைத்துக் கிடக்கிறது. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டு வெந்நீர் ஊற்றி இருபது முப்பது தடவை அழுத்துங்கள். தலை மெல்ல மேலே வரும். பிறகு அதே சோப்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஊற்றுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

பிப்ரவரி 9

நேற்று அவசரத்தில் எழுதியது. என் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் அன்னதான மண்டபத்தில் கை கழுவும் இடம் என் பொறுப்பு. முப்பத்து நான்கு ஆண்டுகள் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்தவனுக்கு ஓய்வுக் காலத்தில் கிடைத்த பதவி இது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் நிர்வாகக் குழு ஈப்போவிலிருந்து ஆறு நுரை பம்புகள் வாங்கி வந்தது. ஸ்டோரில் பாத்திரம் கழுவும் சோப்பு 5 லிட்டர் கலனாக இரண்டு இருந்தன. தேன் போலக் கெட்டி. பார்த்தாலே சரக்குள்ள சோப்பு என்று தோன்றும். அப்படியே ஊற்றினேன்.

தைப்பூசத்தன்று வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். ஆறு பம்பில் நான்கு அசையவில்லை. ஐந்தாவது ஒவ்வோர் அழுத்தலுக்கும் ‘புஸ்’ என்று காற்றை மட்டும் விட்டது. ஆறாவதை எங்கள் பொருளாளர் தன் பலம் முழுவதையும் சேர்த்துக் குத்தினார். அது நுரையாக வரவில்லை. நூல் போல நீண்டு அவருடைய பட்டு வேட்டியில் போய் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தோட்டத்து மானேஜர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

அன்று இரவே ஒரு பம்பை வீட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப் போட்டேன். சாதாரணப் பம்புக்கு ஒரு பிஸ்டன் போதும். இதற்கு இரண்டு. நடுவில் சிறியது சோப்புக்கு. அதைச் சுற்றி அகலமாக இருப்பது காற்றுக்கு. தலையை அழுத்தும்போது இரண்டும் ஒன்றாக இறங்குகின்றன. சிறிது சோப்பும் அதைப்போலப் பல மடங்கு காற்றும் ஒரு சின்ன அறையில் மோதி, நைலான் வலை வழியாக வெளியே வரும்போது நுரையாகின்றன. கையை எடுத்ததும் ஸ்பிரிங் தலையைத் தூக்கும். அப்போது நீண்ட குழாய் வழியாகக் கீழிருந்து சோப்பு ஏற வேண்டும், மேலிருந்து காற்று இறங்க வேண்டும்.

கெட்டிச் சோப்பு தோற்பது முதலில் இங்கேதான். ஸ்பிரிங் இழுக்கும் அந்த அரை நொடிக்குள் அது குழாயில் ஏறுவதில்லை. சிறிய அறை பாதியே நிரம்புகிறது. அடுத்த அழுத்தலில் காற்று முழுதாகப் போகிறது, சோப்பு போவதில்லை. ‘புஸ்’ அதனால்தான். ஏறிய கொஞ்சமும் வலையில் போய் ஒட்டிக்கொண்டால் தலை எழுந்திருக்காது.

பிப்ரவரி 10

ஒரு தப்பை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். பிரித்த அன்று, வலைதானே அடைக்கிறது என்று ஒரு பம்பில் வலையை ஊசியால் குத்தி எடுத்துவிட்டேன். சோப்பு வந்தது, ஆனால் நாய் எச்சில் போல. பெரிய பெரிய குமிழிகள் உள்ளங்கையில் விழுந்த மறுநொடியே உடைந்தன. நுரையைச் செய்வதே வலைதான். அதில் கை வைக்காதீர்கள். அந்தப் பம்பு இப்போது என் வீட்டுச் செடிகளுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கிறது. அதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

பிப்ரவரி 13

“மூன்று பங்கு என்பது எந்தக் கணக்கு?” என்று கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் குத்துமதிப்பாகச் சொன்னேன், குத்துமதிப்பாகச் சொன்னதற்காக எத்தனையோ பேரை வேலைக் காலத்தில் திட்டியிருக்கிறேன்.

ஆகவே அளந்தேன். தண்ணீர் போத்தல் மூடியில் ஆணியைச் சுட்டு ஒரு துளை போட்டேன். போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, 100 மில்லி ஊற்றி, எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்த்தேன். வெறும் தண்ணீர் 18 நொடி. கலக்காத சோப்பு நான்கு நிமிடத்தைத் தாண்டியது. நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். ஒன்றுக்கு ஒன்று 70 நொடி. ஒன்றுக்கு இரண்டு 31. ஒன்றுக்கு மூன்று 22. ஒன்றுக்கு நான்கு 20.

கவனியுங்கள், முதல் பங்கு தண்ணீர்தான் பெரிய மாற்றத்தைச் செய்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் வடிதலில் வித்தியாசம் இல்லாதது போலத் தெரிகிறது. பம்புக்குத் தெரிகிறது. மூன்றில் நுரை வந்தது, ஆனால் நான்காம் நாள் தலை சோம்பேறித்தனமாக எழுந்தது. நான்கில் இன்றுவரை துள்ளுகிறது. எனவே டீச்சர், எட்டாம் தேதி சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கு நான்கு. உங்கள் சோப்பு என் சோப்பு இல்லை. துளை போட்ட மூடி ஒன்று செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வடியும் நேரத்துக்கு மேல் ஒன்றிரண்டு நொடிக்குள் வந்தால் பம்பு ஏற்கும்.

திரவத்தின் கெட்டியை, அதாவது பாகுத்தன்மையை, அளக்கும் அலகு சென்டிபாய்ஸ். 20 பாகை செல்சியஸில் தண்ணீர் ஏறத்தாழ 1. கிளிசரின் 1,400-க்குப் பக்கம். கெட்டிச் சோப்புகள் ஆயிரக் கணக்கில் போகும். நுரை பம்பு கேட்பதோ நூறுக்குள். அலகின் பெயர் பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து வந்தது. நம் உடம்பில் மெல்லிய குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஆராய்ந்தவர். அவர் கண்டதில் ஒன்று எனக்கு ஆச்சரியம்: குழாயின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. நுரை பம்பின் வலைத் துளைகளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 14

போத்தலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். இந்தப் பம்பின் உடல் பருமன். உள்ளே இறக்கும்போது சோப்பு வழிந்து மேசையெல்லாம் போகும். இரண்டு விரல் இடம் விடுங்கள். முதலில் தண்ணீர், அதன்மேல் சோப்பு. குலுக்காமல் சாய்த்துச் சுழற்றுங்கள். குலுக்கினால் நுரை போத்தலுக்குள்ளேயே செலவாகிவிடும்.

பிப்ரவரி 20

கேமரன் மலையிலிருந்து தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் எழுதுகிறார்: என் கணக்குப்படி கலந்தாராம், மதியம் நன்றாக வருகிறதாம், விடியற்காலையில் வரவில்லையாம்.

அக்கா, உங்கள் ஊர்க் குளிரை நான் மறந்துவிட்டேன். குளிர்ந்தால் சோப்பு இறுகும், சூட்டில் இளகும். எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கும் மின்விசிறி ஓடுகிறது. நீங்களோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கை கழுவுகிறீர்கள். ஒன்றுக்கு ஆறு வரை போய்ப் பாருங்கள். அளவையும் விடியற்காலையிலேயே எடுங்கள்.

பிப்ரவரி 27

“இவ்வளவு தண்ணீர் கலப்பது கஞ்சத்தனம், கோயிலுக்கே இப்படியா?” என்று ஒருவர் குத்தியிருக்கிறார். பெயர் போடவில்லை. பேச்சைப் பார்த்தால் பொருளாளரின் உறவு.

இதற்குப் பதில் சொல்ல எனக்கே தயக்கம். தண்ணீர் கலப்பதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. லாசா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் மரம் நின்ற காலத்தில், மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்கள் காண்டா என்ற தோள்தடியில் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் கொட்டகைக்கு வருவார்கள். கிலோ கணக்கில் நிறுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி போய்விடும். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவோம். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் தண்ணீர் சேரச் சேரக் கருவி உயர்ந்து மிதக்கும். நல்ல பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு தேறும். அளவு குறைந்தால் நான் கழித்து எழுதுவேன். கெட்டிப் பால் நல்ல பால், நீர்த்த பால் திருட்டுப் பால். என் மண்டையில் முப்பது ஆண்டு ஓடிய சட்டம் அது. 5 லிட்டர் கலனைப் பார்த்ததும் ‘சரக்கு’ என்று நினைத்ததற்கு அதுதான் காரணம்.

சோப்பில் கெட்டி என்பது சரக்கு இல்லை. பெரும்பாலும் அது சாதாரண உப்பு. அழுக்கை எடுக்கும் பொருள் கலந்த தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அது இறுகிக்கொண்டே போகும். ஓர் உச்சிக்குப் பிறகு மேலும் உப்புப் போட்டால் திரும்ப இளகிவிடும். நாம் கடையில் கலனைச் சாய்த்துப் பார்த்து மெச்சுவது அந்த உப்பின் வேலையை. பம்புக்குள் போனதும் மெச்சுவதற்கு ஒன்றும் இல்லை.

இதைப் படித்ததும் உப்பு அள்ளிப் போட்டு இளக்கலாமே என்று யாராவது கிளம்புவீர்கள். வேண்டாம். கைக்கும் ஆகாது, பம்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் ஆகாது.

பிப்ரவரி 28

மெட்ரோலாக்கைச் சோப்பில் விட்டுப் பார்த்தீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். விட்டேன், வேறென்ன வேலை எனக்கு? சோப்பு தண்ணீரைவிடக் கனம். கருவி அளவுக்கோட்டைத் தாண்டி மேலே எழும்பிக் கோமாளி போல ஆடியது. கனம் வேறு, கெட்டி வேறு. நல்லெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனால் தண்ணீரைவிடக் கெட்டியாக ஓடுகிறது. இது தெரிந்தும் விட்டேன்.

மார்ச் 5

கெட்ட செய்தி. பிப்ரவரி நடுவில் கலந்து வைத்த ஒரு வாளிக் கலவை கலங்கிவிட்டது. முகர்ந்தால் பழைய துணி வாடை.

காரணம் எளிது, நான் யோசிக்கவில்லை. சோப்பில் கெடாமலிருக்க ஒரு மருந்து அளவாகப் போட்டிருப்பார்கள். நான்கு பங்கு தண்ணீர் கலந்தால் அந்த மருந்தும் ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமி அதில் வீடு கட்டிக்கொள்ளும். சோப்புக்குள் கிருமி வளராது என்று நாம் நம்புகிறோம். வளரும். மேலே மேலே ஊற்றி நிரப்பும் பொதுக் கழிவறைச் சோப்புப் பெட்டிகளில் அது நடப்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

இப்போது என் முறை: ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர். பழையது மீதி இருந்தால் அதன்மேல் ஊற்றுவதில்லை. கொட்டிவிட்டு, போத்தலையும் பம்பையும் வெந்நீரில் அலசி, காயவைத்துப் பிறகுதான் நிரப்புகிறேன். டீச்சர், பிள்ளைகள் கை வைப்பது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 6

“ரப்பர் பாலுக்கு அம்மோனியா ஊற்றி வைப்பீர்களே கிராணி, சோப்புக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள்.” பழைய சகா ஒருவரின் ஆலோசனை. அவர் பணியில் இருந்தபோதும் இப்படித்தான் ஆலோசனை சொன்னார், இருவரும் சேர்ந்து திட்டு வாங்கினோம். கோயிலில் அம்மோனியா வாடை அடித்தால் என்னைச் சன்னதிக்குள் விடமாட்டார்கள். அதைவிட முக்கியம், கழிவறைக்கு வைத்திருக்கும் குளோரக்ஸ் வகை வெளுப்பானோடு அம்மோனியா சேர்ந்தால் நச்சு வாயு வரும். சிரிப்புக்காகக்கூட வேண்டாம்.

மார்ச் 12

நம் ஊர்ப் பெண்கள் சிலர் வீட்டில் பாத்திரச் சோப்பு காய்ச்சி இரவுச் சந்தையில் விற்கிறார்கள். அவர்களில் ஒரு தங்கை என்னைத் தெருவில் நிறுத்திச் சண்டைக்கு வந்தார். “தண்ணீர் கலந்தால் இளகும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கலந்தேன், கல்லாகிவிட்டது!”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். வாளியில் கரண்டி நட்டது நட்டபடி நின்றது. அவர் வாங்கியது சோப்பு இல்லை, அதன் மூலப் பசை. நூற்றுக்கு எழுபது பங்கு அழுக்கு நீக்கும் பொருள், மீதி தண்ணீர். அதில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டால் மூலக்கூறுகள் குழல் குழலாக அடுக்கி நின்று இறுகிவிடுகின்றன. நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போன பிறகுதான் இளகும். நடுவில் நிற்காமல் கடந்துவிட வேண்டும், பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறையத் தண்ணீருக்குள் விட்டுக் கலக்க வேண்டும். கல்லானதை ஒரு பெரிய வாளித் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊற விட்டோம். காலையில் கரைந்துவிட்டது.

ஆகவே பிப்ரவரி 13-இல் எழுதியது கடையில் விற்கும் தயார்ச் சோப்புக்கு மட்டும். தங்கைக்கு என் மன்னிப்பு. அவர் எனக்கு இரண்டு போத்தல் இலவசமாகக் கொடுத்தார். இளகிய சோப்பு, பம்பில் அப்படியே ஓடுகிறது.

மார்ச் 13

அந்தப் பசையின் பூர்வீகம் தெரிந்தால் சிரிப்பீர்கள். பெரும்பாலும் செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய். பழச் சதையின் எண்ணெய் சமையலுக்குப் போகிறது. பருப்பெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், தேங்காயெண்ணெயைப் போல. நுரைக்கு வேண்டியது அதுதான். நான் பால் எழுதிய அதே மலைச்சரிவில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. மரத்தை மாற்றினார்கள், அதன் காய் சோப்பாகி என் மேசைக்கே வந்துவிட்டது.

பாலும் நுரைக்குச் சளைத்ததில்லை. 1929-இல் பர்மிங்காமில் டன்லப் ஆட்கள் ரப்பர் பாலில் சோப்புக் கலந்து அடித்து, நுரையை அப்படியே இறுக வைத்து மெத்தைக்கான பஞ்சு ரப்பர் செய்தார்கள். கெட்டித் திரவத்தில் நுரை வராது என்று யாரும் என் பெயரில் சொல்லிவிடாதீர்கள். வரும். அடிக்க வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும். ஒரு விரலின் பலம் போதாது.

மார்ச் 19

சுருக்கமாக: முத்துப்போல் மினுங்கும் சோப்பு வேண்டாம், அந்த மினுக்கம் நுண்ணிய படிகம், வலையில் தங்கும். மணல்மணலாகத் தேய்க்கும் வகை கூடவே கூடாது. கைக்குத் தடவும் கிரீமும் கிருமிநாசினி ஜெல்லும் வராது. தண்ணீர் கலந்தாலும் ஜெல் ஒழுங்காக நுரைக்காது. சீயக்காய் கேட்ட பாட்டிக்கு: வடிகட்டினாலும் தூள் தங்கும், பாட்டி. கிண்ணத்தில் கரைத்துத் தேய்த்துக்கொள்வதை யாரும் மிஞ்ச முடியாது.

மார்ச் 30

நேற்று வெள்ளிக்கிழமை அன்னதானம். கை கழுவும் இடத்தில் ஒரு மூதாட்டி பம்பை அழுத்தி நுரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் சொன்னார்:

“கிராணி ஐயா, இதில் தண்ணீர் கலந்திருக்கிறீர்கள். எவ்வளவு கழிக்கிறது?”

அப்போதுதான் தெரிந்தது. எங்கள் தோட்டத்து வெட்டுக்காரர். ஒரு மழை மாதத்தில் அவர் வாளியில் மெட்ரோலாக் உயர்ந்து நின்றது. மழை மங்கில், பால் சொட்டும் கிண்ணத்தில், இறங்கிவிட்டது என்றார். மற்றவர்கள் பால் அன்று சரியாக இருந்ததே என்று நான் கழித்து எழுதினேன். அவர் வெட்டியது பள்ளத்துப் பக்கத்து நிரை, அங்கே மழை முந்தி இறங்கும். இது எனக்கு அன்றும் தெரியும். வரிசை நீளமாக இருந்தது, மதிய வண்டி காத்திருந்தது.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கையை அலசிவிட்டு, “நுரை நன்றாகத்தான் வருகிறது” என்று சொல்லிப் பந்திக்குப் போய்விட்டார். சாப்பிட்டு முடித்த பிறகு தேடினேன். மகன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போய்விட்டான் என்றார்கள்.

ஏப்ரல் 2

கணக்குக் கேட்டவருக்கு: நாற்பது அழுத்தலுக்கு 30 மில்லி போகிறது. ஐந்தில் ஒரு பங்குதான் சோப்பு. முன்பு மாதம் ஒரு கலன் தீர்ந்தது, தைப்பூசத்துக்குப் பிறகு முதல் கலனே இன்னும் பாதி இருக்கிறது. பொருளாளர் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டார். நெய்ச் சோறு போடும் நாளில் இரண்டு அழுத்தல் அழுத்தச் சொல்லி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 3

டீச்சர் எழுதியிருக்கிறார்: நான்கில் மூன்று பம்பு ஓடுகிறதாம். நான்காவதில் ஒரு பிள்ளை ரோஜா சிரப்பை ஊற்றிவிட்டதாம். வெந்நீர் போதும், டீச்சர். இரண்டு தடவை ஊறவையுங்கள், எறும்பு வருவதற்குள்.